திரும்பி வரும்போது

புதுக் காரின் நான்கு சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, மல்வேர்னில் இப்போது இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் மெல்ல முன்னே உருட்டினேன். நசிந்த தேசிக்காயின் மணம் திறந்த கண்ணாடி வழியாக உள்ளே வந்தது.

பாரிஸில் இருந்த காலத்தில் அப்பாவும் கோடை விடுமுறைப் பயணத்தை இப்படித்தான் தொடங்குவார். கிளம்பிவிட்டால் பெற்றோலுக்கு மட்டுமே நிறுத்துவார். எனக்குப் பத்து வயதான அந்த முறை தெற்கே போனோம். அம்மாவின் மடியில் புட்டுப் பெட்டி. காருக்குள் சம்பல் வாசம். ஓரிடத்தில் வீதியின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் சூரியகாந்தி.

"இஞ்சேருங்கோ, கொஞ்சம் நிப்பாட்டுங்கோவன். ஒரு படம் எடுப்பம்," என்றார் அம்மா.

"இருட்ட முதல் போய்ச் சேரவேணும். திரும்பி வரேக்க நிப்பாட்டுறன்."

இரண்டு வாரம் கழித்து, சொன்னபடியே நிறுத்தினார். பூக்களெல்லாம் கறுத்துத் தலை கவிழ்ந்து நின்றன. அம்மா இறங்கவில்லை.

"பரவாயில்லை, வாற வருசம் பாப்பம்," என்றார் இருந்தபடியே.

அந்த மாரிக் குளிரையே அம்மா தாண்டவில்லை.

இப்போது என் மனைவி முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பின் இருக்கையிலிருந்து அப்பா என் தோளைத் தொட்டார்.

"மோனை, வழியில மருமகள் எங்கையாவது நிப்பாட்டச் சொன்னா, போகேக்கையே நிப்பாட்டு."