நீட்டிய விரல்

களக்காட்டில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். காற்றுக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். சோதனை பாதியில் நின்றால், எடுத்த ரத்தம் வீண். மறுபடியும் விரலில் குத்துவோம். மிஷினின் போர்டும் ஒருமுறை கருகியதால், எரிச்சலோடுதான் ‘ஆன்லைன்’ வகை யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். வெளியே மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் அது சீராக்கித்தான் மிஷினுக்குக் கொடுக்கும். நின்றாலும் இமைப்பொழுதுகூட விடாமல் பேட்டரி தாங்கும்.

மறுநாள் சோதனைக்கு நடுவே விளக்கும் மின்விசிறியும் நின்றன. அடிக்கடி வரும் சிறுமி ஆயிஷா, யாரும் சொல்லாமலே அடுத்த விரலை நீட்டினாள்.

“வேண்டாம்ளா. மிஷின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு” என்றேன்.

“நெசமாவா?” என்றவள், விரலைப் பைய மடக்கிக்கொண்டு சிரித்தாள்.

மிஷினுக்காகத்தான் வாங்கினேன். அந்த விரல் அதுவரை என் நினைப்பில் வந்ததேயில்லை. இப்போது கரண்ட் போகும்போதெல்லாம் முதலில் நினைப்பில் வருவது அதுதான்.