கீறல் வரும் இடம்

என் வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஓர் இசைத்தட்டு கிடக்கிறது. அதைச் சுழற்றிப் பாடவைக்கும் பெட்டி இப்போது எங்களில் யாரிடமும் இல்லை. தட்டின் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். "போன்லயே சுத்தமா கேக்குது, இந்தக் குப்பை எதுக்கும்மா?" என்று மகள் பலமுறை கேட்டுவிட்டாள். அந்தக் கீறலுக்காகத்தான் வைத்திருக்கிறேன்.

அது விழுந்தது என் அத்தையின் கல்யாணத்தன்று. சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்து வாசலில் பந்தல். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பில் குலுங்கி வந்த தட்டு. மாலை மாற்றும் பாட்டின் பாதியில் ஊசி மாட்டிக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. போடியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். "தோட்டத்துக்காரவுகளுக்கு ஒரு நல்ல ரெக்கார்டுகூடக் கெடைக்கலையாக்கும்" என்றார் ஒருவர். எங்கள் பக்கத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அத்தை குனியவில்லை. "ஊசியை எடுங்க" என்றாள். கழுத்தில் மாலையோடு நின்றபடி மீதிப் பாட்டைத் தானே பாடி முடித்தாள். கல்யாணப் பெண் வாயைத் திறப்பதே குற்றம் என்றிருந்த காலம் அது.

அன்றிலிருந்து எங்கள் லயத்தில் அதுவே வழக்கமாயிற்று. கீறல் வரும் இடத்தில் ஊசியைத் தூக்குவார்கள். மீதியை மணப்பெண் பாடுவாள். நானும் என் கல்யாணத்தில் பாடியிருக்கிறேன். பிறகு கேசட் வந்தது, பாட்டு மாட்டாமல் ஓடியது. அத்தை எழுந்துபோய் அதே இடத்தில் பொத்தானை அமுக்கினாள். சிடி வந்தபோதும் அதையேதான் செய்தாள். "மெஷினு நல்லாயிருச்சுன்னு நம்ம புள்ளைக வாயை மூடணுமாக்கும்?" என்பாள். வீண் பிடிவாதம் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே.

சென்ற மாதம் பூப்பாறை மண்டபத்தில் என் மகளுக்குக் கல்யாணம். அத்தை இன்று இல்லை. மகளோ காலையிலேயே, "நான் பாட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மடிக்கணினியில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த இளைஞனிடம் போய், அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

"ஆன்ட்டி, இது எங்கயும் மாட்டாது. முழுசாப் பாடும்."

"தெரியும்ப்பா. அதனாலதான் நிறுத்தச் சொல்றேன்."

நிறுத்தினான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மகள் என்னை முறைத்தாள். பின்வரிசையில் லயத்துப் பெண்கள் காத்திருந்தார்கள். அவள் பார்வை அவர்கள் பக்கம் போனது. மாலையைச் சரிசெய்துகொண்டு, அன்று ஊசி மாட்டிய அதே சொல்லில் தொடங்கினாள். சுருதி சேரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இசைத்தட்டை மறுபடி துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நாளைக்குப் பாட்டு எதில் வேண்டுமானாலும் வரட்டும். அதை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கத்தானே வேண்டும்.