அக்காவின் இரண்டு கார்கள்

எங்கள் அக்கா எம்மைப் பிரிந்து இன்று முப்பத்தோராம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அக்காவின் பெருமைகளை எதிர்பார்ப்பீர்கள். எழுதுகிறேன். ஆனால் எழுதுகிற தங்கைக்கு அக்கா மீது பொறாமை உண்டு என்பதையும் தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

சாவகச்சேரியில் பிறந்த அக்கா சிட்னிக்குத் தனியே வந்து, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதியாக இரவு பகல் பாராமல் வேலை செய்து, பிறகு என்னையும் இங்கே கூப்பிட்டு எடுத்தார். நான் வந்து இறங்கியபோது வீடு இருந்தது, கதிரை மேசை இருந்தது, குசினியில் சோறு ஆறாமல் இருந்தது. கஷ்டமெல்லாம் அவர் பங்கு, சுகமெல்லாம் என் பங்கு. ஆகவே புகழும் அவர் பங்காகிவிட்டது. நாளைக்கு எனக்கு ஒரு மலர் போட்டால் அதில் என்னத்தைத்தான் எழுதுவார்கள்?

ஓய்வு பெற்றபின் அக்கா மெரிலேண்ட்ஸ் வீட்டில் இரண்டு பழைய கார்களை வாங்கித் திருத்தி வைத்திருந்தார். ஒன்று முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு செய்தது. முன்னால் நின்று கம்பியைச் சுழற்றினால்தான் அதற்கு உயிர் வரும். கூரை வெறும் துணி, கண்ணாடி சாதாரண சன்னல் கண்ணாடி, பிறேக் பின்சில்லுகளில் மட்டும். கியர் மாற்றுவதற்குக் கிளச்சை இரண்டு தரம் மிதிக்க வேண்டும். தவறினால் பற்கள் உராயும் சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும்.

மற்றது இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முந்தியது. இரண்டு போர்களுக்கும் நடுவில் மனிதர்கள் எவ்வளவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! பொத்தானை அமுக்கினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். உருக்கினால் செய்த கூடு, உடைந்தாலும் சிதறாத கண்ணாடி, தானாகவே இணங்கிப்போகும் கியர், எண்ணெய் அழுத்தத்தால் நான்கு சில்லுகளையும் ஒன்றாகப் பிடிக்கும் பிறேக்.

எனக்கு ஓடத் தந்தது இந்த இரண்டாவதை. கலியாண வீடுகளில் எல்லோரும் கேட்டதோ பழையதை. மாப்பிள்ளைமார் அதில்தான் ஏறுவார்கள். என் காரில் பலகாரத் தட்டுகள் ஏறும்.

பழையதை அக்கா பக்கத்து வீட்டு வசந்தாவுக்கு மட்டும் ஓடக் கொடுப்பார். வசந்தா மதுரைக்காரர், அக்காவோடு வேலை செய்த தாதி. என் அக்காவை அவரும் "அக்கா" என்றே கூப்பிடுவார். அந்தச் சொல்லில் யாருக்கும் பங்கு கொடுக்க எனக்கு விருப்பமில்லை. என்னைக் கேட்பார்தான் இல்லை.

கடைசி நாட்களில், கட்டிலருகே இருந்து, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அக்கா, பழைய காரை எனக்குத் தாங்கோவன்."

"அது வசந்தாவுக்கு எண்டு சொல்லிப்போட்டன். உனக்கு மற்றது."

"ஏன், நான் ஓடமாட்டனோ?"

"மற்றதுதான் உனக்கு லேசு" என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவருடைய தேநீர்க் கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

இறுதி ஊர்வலத்தில் அக்காவின் பூதவுடலுக்குப் பின்னால் வசந்தா பழைய காரை ஓடினார். அவருக்குப் பின்னால் நான். ஒரு தரமாவது கியர் உராயாதா என்று காதைக் கொடுத்தபடியே போனேன். உராயவில்லை.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதிகளுக்கும், மெல்பேர்ண் கிளென் வேவர்லியிலிருந்து ஓடிவந்து கிரியைகளைப் பொறுப்பேற்ற தம்பி குடும்பத்துக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.

வசந்தாவுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். தகனம் முடிந்து திரும்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வண்டியைக் கேட்டீங்கன்னு அக்கா சொன்னாங்க. பிரேக் சரியாப் பிடிக்காத வண்டியில தங்கச்சி போவாளேன்னு நினைச்சா எனக்கு நிம்மதியே இருக்காதுன்னு சொல்லி அழுதாங்க."

என் அக்கா எனக்காக அழுதிருக்கிறார். அதையும் வசந்தாவுக்கு முன்னால்தான் அழுதிருக்கிறார்.