மரக்காணம் வரை வந்த சாவி

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நானும் என் கணவரும் தனியாகப் போன ஒரே பயணம் அது. மரக்காணம் கடற்கரையில் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்குவதாகத் திட்டம். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, டீ கொதிப்பதற்குள் எங்கள் வீடு இருக்கும் கள்ளிக்குப்பத்திலிருந்து கீழ்வீட்டுக்காரர் அவருக்கு ஃபோன் செய்தார்.

“சார், மோட்டார் ரூம் சாவி எங்க கீது? எட்டு ஊட்லயும் சொட்டுத் தண்ணி இல்ல சார்.”

எங்கள் அடுக்ககத்துக்கு என் கணவர்தான் செயலாளர். இருப்பது ஒரே சாவி, அதுவும் அவர் பொறுப்பில். பைகளையெல்லாம் மணலில் கொட்டித் தேடினார். நான் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டே அவரை முறைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சாரிண்ணே, என் மறதிதான். இதோ கிளம்பிட்டேன்” என்று ஃபோனில் சொன்னார்.

கூடாரத்தைச் சுருட்டும்போது ஆரம்பித்த நான் பூந்தமல்லி வரை வாயை மூடவில்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர் விடும் மகராசனுக்குப் பெண்டாட்டியோடு ஒரு நாள் கடலைப் பார்க்க வக்கில்லை என்றேன். அவர் சாலையைப் பார்த்தே வண்டியை ஓட்டினார்.

கரையான்சாவடி சிக்னலில் கைக்குட்டைக்காகக் கைப்பையைத் திறந்தேன். உள்ளே சாவி கிடந்தது. கிளம்பிய அன்று மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தவள் நான்தான்.

“மரக்காணத்துலயே பாத்தேன், நீ சீப்பு எடுக்கும்போது” என்றார்.

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“நீ எங்க பேச விட்ட?”

வாசலில் குடங்களோடு நின்றவர்களிடம் அவரே மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். அப்போது மட்டும் எனக்கு வாய் வரவில்லை. எட்டு வீட்டிலும் இன்றுவரை அவர்தான் மறதிக்காரர். இப்படி ஒரு மனிதரோடு நிம்மதியாகச் சண்டைகூடப் போட முடிவதில்லை.