கோபப்படாத நெற்றி

"கோபப்படு" என்கிறாள் நெவெங்கா. நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெண் புருவத்தைச் சுருக்கிக் காட்டுகிறாள். போதவில்லை. "போட்டோவுக்கு நிக்கிற மாதிரி இருக்கு. யார நினைச்சா உனக்கு வயிறு எரியும்? அவங்கள நினை." ஒரு நொடி போகிறது. நெற்றி நடுவே இரண்டு கோடுகள் எழுந்து நிற்கின்றன. "அசையாதே. அப்படியே திட்டிக்கிட்டு இரு." கோடுகளின் இரு பக்கமும் வெள்ளைப் பென்சிலால் ஐந்து புள்ளிகள் வைக்கிறாள். தசையை அசையவிடாமல் செய்து கோடுகளை அழிக்கும் போடாக்ஸ் ஊசி அந்தப் புள்ளிகளில்தான் இறங்கும்.

இந்த ஒரு கேள்வியால் வால்யெவோ நகரத்தில் யாருக்கு யாரைப் பிடிக்காது என்பது நெவெங்காவுக்கு அத்துப்படி. அவள் பெயர் கேட்பதில்லை. வருகிறவர்களே சொல்லிவிடுகிறார்கள். மாமியார், முன்னாள் கணவன், மாடிவீட்டில் ஓயாமல் சுவரில் துளை போடுகிறவன். பள்ளித் தலைமையாசிரியை ஒருத்தி ஒவ்வொரு முறையும் தன் சொந்த அக்காவைத்தான் நினைக்கிறாள். "பாவத்தச் சொல்ல பாதிரியார்கிட்ட போறாங்க. பாவத்தப் பண்ண எங்கிட்ட வர்றாங்க" என்பாள் நெவெங்கா.

வயது ஐம்பத்தெட்டு. அகன்ற தோள், ஆண்பிள்ளைக் குரல். ரொட்டிக்கடைக்கு மேலே முதல் மாடியில் இரண்டு அறைகள்தான் அவளுடைய மருத்துவமனை. கீழே அடுப்பில் வேகும் புரெக் என்ற அடுக்கு ரொட்டியின் கொழுப்பு மணம் காலை முழுவதும் மேலே ஏறி வரும். "பட்டினியா வராதீங்க, ஊசி குத்தும்போது மயக்கம் வரும். கீழ சாப்பிட்டுட்டு வாங்க" என்று எல்லோருக்கும் சொல்வாள். கைகள் எப்போதும் சில்லென்று இருப்பதால், யாரையும் தொடுமுன் காபிக் கெண்டியைச் சுற்றி இரு உள்ளங்கைகளையும் வைத்துச் சூடேற்றிக்கொள்வாள். கழுவி, கையுறை மாட்டிய பிறகும் அந்தச் சூடு கொஞ்சம் தங்கியிருக்கும் என்பது அவள் நம்பிக்கை.

ஊர்ப் பெண்களின் நெற்றியையெல்லாம் வழவழப்பாக்குகிற அவளுடைய நெற்றி மட்டும் மழை காணாத நிலம் மாதிரி கிடக்கிறது. புருவங்களுக்கு நடுவே இரண்டு ஆழமான கோடுகள். "நீங்க ஏன் டாக்டர் போட்டுக்கல?" என்று கேட்காத ஆள் இல்லை. "இது போயிடுச்சுன்னா உங்கள எப்படி மிரட்டுறது?" என்று அந்தக் கோடுகளை இன்னும் ஆழமாக்கிக் காட்டுவாள். உண்மையிலேயே மிரண்டு போவார்கள்.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. இளமை கேட்டு வருகிறவர்களுக்கு முதல் நாள் ஊசிப் பேனா. மரத்துப்போகிற கிரீம் தடவி, கன்னத்திலும் நெற்றியிலும் அந்தப் பேனாவை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் விழும். துளைகளை ஆற்றுகிற சாக்கில் தோல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். போடாக்ஸ் அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான். "வீங்கிப் போன முகத்துல ஊசி போட்டா, மருந்து வச்ச இடத்துல நிக்காது. ஊர் சுத்தும். சுத்திச் சுத்திக் கண் இமைக்குள்ள போய் உக்காந்துச்சுன்னா, இமை தொங்கிடும்." ஊசி போட்ட பிறகும் கட்டளைகள் உண்டு. நான்கு மணி நேரம் குனியக் கூடாது, படுக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க முகத்தை யாரும் தொடக் கூடாது.

"முத்தம்?" என்று கட்டாயம் கேட்பார்கள்.

"அதுவும்தான்."

எதிரே வருகிற தபால்காரருக்கும் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுக்கிற ஊரில், எல்லோரும் அந்தக் கடைசிக் கட்டளையில்தான் தடுமாறுவார்கள்.

இருபத்திரண்டு வருடங்களில் நெவெங்கா அந்தச் சட்டத்தை ஒரே ஒரு முறை மீறினாள். டிசம்பர் பதின்மூன்றாம் தேதி, ஸாகோர்காவுக்காக.

ஸாகோர்கா கம்பளி நூல் கடை வைத்திருப்பவள். எட்டு வருடம் ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். கணவன் மோமிர் இறந்து பதினோரு வருடமாகிறது. அடக்கத்தன்று கல்லறையில், மண் போட்டு முடிக்குமுன், மோமிரின் அக்கா ஸ்டானா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "உன் மூஞ்சியப் பார்த்துப் பார்த்தே என் தம்பி சீக்கிரம் கிழவனாகிப் போய்ச் சேர்ந்தான்." சொல்லிவிட்டு ஆஸ்திரியாவுக்குப் பஸ் ஏறியவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இப்போது, பத்தொன்பதாம் தேதி வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தாள். அது ஸாகோர்கா வீட்டின் ஸ்லாவா, குடும்பத்தின் புனிதரான நிக்கோலாவின் திருநாள். அந்த நாளுக்கு அழைப்பு கிடையாது. வருகிறவர்களை வராதீர்கள் என்று சொல்லவும் கூடாது.

"ஆறு நாள்தான் இருக்கு. ரெண்டையும் இன்னிக்கே பண்ணிடு" என்றாள் ஸாகோர்கா.

"முடியாது. பேனா மட்டும் ஓட்டுறேன்."

"போட்டோ பார்த்தியாடீ அவள? அறுபத்தாறு வயசு. நெத்தி முட்டை ஓடு மாதிரி இருக்கு. வந்ததும் வராததுமா என் மூஞ்சியத்தான் பார்ப்பா. பார்த்துட்டு, நான் அன்னிக்குச் சொன்னது சரிதான்னு நினைப்பா. அது மட்டும் நடக்கக் கூடாது. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"ஒரே நாள்ல நான் யாருக்கும் பண்ணினதில்லடீ."

"நான் யாரோவா?"

நெவெங்கா பால்கனிக்குப் போய் ஒரு சிகரெட் முழுவதையும் புகைத்துவிட்டு வந்தாள். பேனாவை மெதுவாக, நெற்றியில் பாதி ஆழத்தில் மட்டும் ஓட்டினாள். ஐஸ் வைத்தாள். ஒரு மணி நேரம் உட்கார வைத்தாள். அப்புறம் "கோபப்படு" என்றாள். பென்சிலை எடுக்குமுன்னே ஸாகோர்காவின் நெற்றியில் கோடுகள் தயாராக நின்றன. யாரை நினைத்தாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஊசி சரியான இடத்தில்தான் இறங்கியது. நெவெங்கா இன்றும் அதைச் சத்தியம் செய்வாள். அவள் மறந்தது வேறொன்று. அவள் தலைக்கு மேலே, மருந்துக்கடைக்காரன் கொடுத்த தேவாலயக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பதின்மூன்றாம் தேதி புனித ஆந்திரியாவின் நாள். ஊரில் பாதி வீடுகளில் அன்று ஸ்லாவா. அவளே அன்று சாயங்காலம் இரண்டு வீடுகளுக்குப் போகப் புதுச் சட்டை எடுத்து வைத்திருந்தாள். வீங்கிய முகத்தோடு வெளியே போகும் ஸாகோர்கா எங்கே போவாள் என்று அவளுக்குத் தோன்றாமல் போனதுதான் விந்தை.

பதினேழாம் தேதி காலையில் கடையைக்கூடப் பூட்டாமல் ஸாகோர்கா மாடி ஏறி வந்தாள். இடது கையால் இடது கண்ணை மூடியிருந்தாள். கையை எடுத்ததும் நெவெங்கா அவளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நெற்றி அழகாகச் சமமாகியிருந்தது. கன்னத்தில் ஒரு புது மினுமினுப்பு. ஆனால் இடது இமை பாதி இறங்கி, கருவிழியின் மேல் விளிம்பை மறைத்துக்கொண்டு கிடந்தது.

"அன்னிக்கு இங்கேருந்து நேரா எங்க போன?"

"ராடோயே வீட்டு ஸ்லாவாவுக்கு."

"போனியா?"

"என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்னவன்டீ. அவன் வீட்டு ஸ்லாவாவுக்குப் போகாம இருக்க முடியுமா? செத்தாத்தான் போகாம இருக்கலாம்."

"குனிஞ்சியா?"

"புனிதர் படத்துக்கு முன்னாடி குனிஞ்சேன். நெத்திய வச்சு முத்தம் கொடுத்தேன். கொடுக்காம?"

"முகத்த யாராவது தொட்டாங்களா?"

"அவங்கம்மா தொட்டாங்க. தொண்ணூறு வயசு. ரெண்டு கையாலயும் முகத்தப் புடிச்சு, அவங்க நெத்தியால என் நெத்திய அழுத்தித் தேய்ச்சு, அடுத்த வருஷம் இருப்பேனோ என்னவோன்னு அழுதாங்க. கைய எடுங்க, போடாக்ஸ் போட்டிருக்கேன்னு சொல்லச் சொல்றியா?"

கிழவியின் நெற்றிதான் மருந்தைத் தள்ளியதா, ஒரே நாளில் இரண்டையும் செய்த தன் கையா? எது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தெரியாமைதான் நெவெங்காவை அரித்தது. "தானா சரியாயிடும். ஆனா அஞ்சாறு வாரம் ஆகும்" என்றாள்.

"நாளன்னிக்கு அவ வர்றா."

இமையைத் தூக்கும் சின்னத் தசையைக் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கிற சொட்டு மருந்து ஒன்று உண்டு. ஒரு சொட்டு விட்டால் சில மணி நேரம் இமை மேலே நிற்கும். வால்யெவோவில் எந்தக் கடையிலும் அது இல்லை. நெவெங்கா பிற்பகல் நோயாளிகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, பனியில் பெல்கிரேடுக்குக் கார் ஓட்டிப்போய் வாங்கி வந்தாள். விட்டுப் பார்த்தார்கள். அரை மணியில் இமை ஏறியது. சரியாக நான்கு மணி நேரத்தில் மறுபடி இறங்கியது. "நான் வந்து பக்கத்துலயே நிக்கிறேன்" என்றாள் நெவெங்கா.

பத்தொன்பதாம் தேதி ஸ்டானா பன்னிரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பதினொன்றரைக்குச் சொட்டு விட்டார்கள். இறைச்சி கூடாத நோன்புக் காலமாதலால் கெண்டை மீனும் அவித்த பீன்ஸும் மேஜையில் நிறைந்திருந்தன. புனிதரின் படத்துக்கு முன்னால் உயரமான மெழுகுவர்த்தி எரிந்தது. வீட்டுக்கு உடையவர் அன்று உட்காரக் கூடாது என்பதால் ஸாகோர்கா நின்றபடியே பரிமாறினாள். வந்தவர்கள் மூன்று முறை முத்தமிட்டார்கள். "பத்து வயசு குறைஞ்சுட்டே ஸாகோர்கா, எங்களுக்கும் அந்தத் தண்ணியக் காட்டு" என்று ராடோயே கேலி செய்தான். நெவெங்கா மட்டும் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதையும் தின்னாமல், தோழியின் இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையில் கை விட்டால் மருந்துக் குப்பி விரலில் தட்டுப்பட்டது.

ஒரு மணி ஆனது. எல்லையில் பனியால் வண்டிகள் நிற்பதாக ஸ்டானா தகவல் அனுப்பினாள். இரண்டரை ஆனது. மூன்று மணிக்கு இமை நூலளவு இறங்கியதை நெவெங்கா பார்த்தாள். மூன்றேகாலுக்கு யாரும் பார்க்கலாம் என்றாகிவிட்டது. ஸாகோர்காவின் முழங்கையைப் பிடித்துப் பலசரக்கு அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே தலையை நிமிர்த்திச் சொட்டை விட்டாள். "கண்ண மூடாதே. அரை மணி இங்கயே இரு. ஆள நான் பார்த்துக்கறேன்."

இருபது நிமிடம் போயிருக்கும். வாசல் மணி அடித்தது. ஸ்லாவா நாளில் கதவை வேறொருவர் திறக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நெவெங்கா பிடித்து நிறுத்துமுன் ஸாகோர்கா போய்விட்டாள். மருந்து உறுத்தி, இடது கண்ணிலிருந்து நீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. இமை மட்டும் எப்படியோ ஏறி நின்றது.

ஸ்டானா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஸாகோர்காவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அழறியா?" என்றாள் ஸ்டானா. "நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவேன்னு பயந்துக்கிட்டே வந்தேன். அன்னிக்கு நான் என்னத்தையோ சொல்லிட்டேன், துக்கத்துல சொன்னது. உன் முகத்துல கோபமே இல்லியே."

மூன்று முறை முத்தமிட்டாள். ஸாகோர்கா அசையாமல் நின்றாள். நெவெங்காவுக்கு அந்த முகத்தை ஐம்பது வருடமாகத் தெரியும். மூக்கின் ஓரங்கள் விடைத்தன, காது மடல்கள் சிவந்தன. கோபப்படத் தன்னால் ஆனதையெல்லாம் அந்த முகம் செய்துகொண்டிருந்தது. நெற்றி மட்டும் மென்மையாக, சாந்தமாக, எல்லோரையும் மன்னித்துவிட்ட நெற்றியாக இருந்தது. தன் ஐந்து புள்ளிகளும் இவ்வளவு நன்றாக வேலை செய்ததற்காக நெவெங்கா வாழ்க்கையில் முதல் முறையாக வெட்கப்பட்டாள்.

"மன்னிச்சிட்டேல்ல?" என்றாள் ஸ்டானா.

ஸாகோர்கா, வந்தவருக்கு முதலில் கொடுக்க வேண்டிய, வால்நட் சேர்த்த கோதுமைத் தட்டை எடுத்து நீட்டினாள். தட்டின் ஓரத்தில் வைத்திருந்த கரண்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிடுகிடுத்தன. ஸ்டானாவுக்கு அது கேட்கவில்லை. ஒரு கரண்டி கோதுமையை அள்ளிக்கொண்டு, சிரித்த முகத்தோடு கூடத்தின் பக்கம் திரும்பினாள்.

நெவெங்கா ஸ்டானாவுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. புருவங்களுக்கு நடுவே அவளுடைய இரண்டு கோடுகளும் எழுந்தன. ஸ்டானாவின் கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அவள் மெதுவாகத் திரும்பி, ஸாகோர்காவின் கையில் ஆடிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தாள். நெவெங்கா புருவத்தைத் தளர்த்தவில்லை.