ரிவர்ஸில் ஓடிய வீடு

பக்கவாதம் வந்து அண்ணனுக்குப் பேச்சு போனபோது ஒரே ஒரு வார்த்தை மட்டும் வாயில் தங்கிவிட்டது. "பேக்கார்." இந்தியில் உதவாக்கரை என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து பேசிய திருநெல்வேலித் தமிழ் போனது. ஆபீஸில் அத்தனை பேரையும் நடுங்கவைத்த இங்கிலீஷ் போனது. இது மட்டும் போகவில்லை. சிலருக்கு வாழ்நாளில் அதிகம் புழங்கிய வார்த்தை இப்படி மிஞ்சிவிடும் என்று டாக்டர் விளக்கினார். மதினி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் பார்வை போன திசையில் டாக்டரும் பார்த்தார். அதன்பிறகு அவர் அதைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தவுடனே கேஸ் விளங்கிவிட்டது போலிருக்கிறது.

உண்மைதான். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். டெல்லிக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து அண்ணன் வீட்டுச் சோறு. முதலில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் சாப்பிட்டேன், பிறகு துவாரகாவில் சொந்த ஃப்ளாட் வாங்கியதும் அங்கே வந்து சாப்பிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அண்ணன் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்: "என் தம்பி. மூச்சு விடுதான்லா, அதான் இவன் பாக்குற வேலை." வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சோறு அங்கேதானே இருந்தது.

ஆகவே, பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "அவருக்கு ரொம்பப் பிடிச்சது எது? அதைக் கண்ணெதிரே காட்டுங்க, வேற வார்த்தை வரலாம்" என்று சொன்னபோது எனக்கு ஒரு வெறி பிடித்தது. அண்ணன் வாயிலிருந்து இன்னொரு வார்த்தையை எப்படியாவது வரவழைத்துவிட வேண்டும். என்ன வார்த்தையாக இருந்தாலும் சரி. 'தண்ணி' என்றால் போதும், 'செத்துத் தொலை' என்றாலும் போதும்.

பிடித்தது எது என்று மதினியைக் கேட்டேன்.

"என்னையச் சொல்லுவாகன்னு நெனச்சீரா? கீழ நிக்குதுல்லா, அந்தப் பொணவண்டி. அதுதான்" என்றாள்.

அது பழைய ஆம்புலன்ஸ் வேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணன் அதை ஏலத்தில் எடுத்து வீடாக மாற்றினார். ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் படுக்கை. பக்கத்தில் கேஸ் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, மதினியின் பழைய சேலையில் திரை. குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் கொக்கியில் பால் தூக்கு. வெளியே சிவப்புச் சிலுவையின்மேல் கிரீம் பெயின்ட் அடித்தார். வெயில் ஏறியதும் சிலுவை மறுபடி எட்டிப்பார்க்கும். 'ஓடுற வீடு' என்று அதற்குப் பெயர் வைத்தார். அதில் முதன்முதலாக ஹரித்துவார் போனபோது வழிநெடுக ஆட்கள் கையைக் காட்டி நிறுத்தி நோயாளியை ஏற்றப் பார்த்தார்கள். திரும்பி வந்த அன்று மதினி சொன்னாள்: "எத்தன பேரு உசிரு போன கட்டிலோ. இனி நான் செத்தபெறவு ஏத்துங்க, அதுவரைக்கும் வேண்டாம்." அண்ணனும் தனியாகப் போகப் பிடிக்காமல் நிறுத்திவைத்தார். துவாரகா வந்தபோது கட்டி இழுத்துக்கொண்டு வந்து, முதல் மாடி பால்கனிக்கு எதிரே, சுவரை ஒட்டி விட்டார். அப்புறம் வருஷக்கணக்காக அது அசையவே இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடிகள் திருட்டுப் போயின. டயர்கள் மண்ணோடு மண்ணாகப் பரவின. உள்ளே பூனைகள் பிரசவம் பார்த்துக்கொண்டன. ஒரு வகையில் ஆஸ்பத்திரிச் சேவை தொடர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். அண்ணனைப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். வேனின் முகமும் இரண்டு ஹெட்லைட்டும் அவருக்கு நேராகத் தெரியும். நான் முதல் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

"பேக்கார்" என்றார் மேலேயிருந்து.

ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

உத்தம் நகரிலிருந்து ஒரு சர்தார்ஜி மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். உலகத்தில் அவருக்குச் சந்தேகம் என்ற ஒன்றே கிடையாது. டயர்களை மாற்றினார், பம்ப்பைக் கழற்றினார், நாஸிலைக் கழற்றினார், கழற்றியதில் பாதியை மாட்டினார். மிச்சம் இருப்பதைக் காட்டி, "இது எங்கே போகும் பாய் சாப்?" என்று கேட்டால், "எக்ஸ்ட்ரா ஹை ஜி" என்பார். வேனின் தரை துருப்பிடித்து அப்பளமாக இருந்தது. அதன்மேல் ஒரு தகடு வைத்து வெல்டிங் அடித்துவிட்டு, அதில் இரண்டு குதி குதித்துக் காட்டினார். "டென்ஷன் மத் லோ, மதராஸி பாபு. கவலையே வேண்டாம். இதில் யானையை உட்காரவைக்கலாம்."

யானை கைவசம் இல்லை. கிரைண்டர் இருந்தது.

கொஞ்சம் விளக்க வேண்டும். அண்ணனுக்குத் தொண்டையில் இறங்கும் உணவு பூப்போன்ற இட்லி மட்டும்தான். வண்டி ஓடத் தொடங்கினால் அவரை ஹரித்துவார், அதற்கும் மேலே என்று நாலைந்து நாள் கொண்டுபோவது என் திட்டம். கடை மாவு ஆகாது, புளித்தால் ஆகாது. அதனால் போகிற இடத்திலேயே அன்றன்றைக்கு ஆட்டிக்கொள்ளலாம் என்று என் மூளை யோசித்தது. அந்த மூளைக்கு எந்தப் பக்கவாதமும் வரவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். மதினியின் பழைய பெரிய கிரைண்டரை, அதுவும் அண்ணன் ஊரிலிருந்து ரயிலில் ஏற்றிவந்தது, நான்கு பேர் சேர்ந்து தூக்கி வேனின் பின்பக்கத்தில் போல்ட் போட்டு இறுக்கினோம். அது ஓடுவதற்கு ஒரு இன்வெர்ட்டர், அதற்கு இரண்டு பேட்டரி, ஊறப்போட ஒரு டிரம் தண்ணீர்.

மதினி கீழே வந்து எட்டிப்பார்த்தாள். "அம்மியும் உலக்கையும் விட்டுப்போச்சே கொழுந்தனாரே. அதையும் ஏத்தும். வண்டி தரையோட ஒட்டி நிக்கும், பள்ளத்துல குதிக்காது."

"நீங்க வேணா பாருங்க மதினி."

"நான் பாக்கத்தானே செய்யுதேன். அந்த மனுசனும் மேல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. அவருக்கு ஆசையக் காட்டிட்டு நீரு சொதப்பினீரு, பெறவு உமக்குச் சோறு கெடையாது."

இதற்குள் சொசைட்டியில் பொறுமை போய்விட்டது. செக்ரட்டரி அங்கிள் தினமும் வாக்கிங் போகும்போது நின்று, "இது எப்போ போகும்? ஓடியா, இல்ல தூக்கியா?" என்று கேட்பார். தீபாவளிக்குள் சுவர் ஓரம் காலியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். மூன்றாம் மாடிக் குழந்தைகள் அண்ணனின் குரலைப் பிடித்துக்கொண்டன. நான் வேனுக்கு அடியில் படுத்திருந்தால் நாலா பக்கமும் பால்கனிகளிலிருந்து "பேக்கார்! பேக்கார்!" என்று சின்னக் குரல்கள் வரும். அண்ணன் அவர்களைத் திருப்தியோடு பார்ப்பார். வாரிசுகள் கிடைத்த மாதிரி.

ஒரு ஞாயிறு மத்தியானம் இன்ஜின் பிடித்தது.

உண்மையாகவே பிடித்தது. சர்தார்ஜி சாவியைத் திருப்ப, அது இருமி, கனைத்து, கறுப்பாக ஒரு புகையைக் கக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. புகை நேராக இரண்டாம் மாடியில் காயப்போட்ட வெள்ளை பெட்ஷீட்டுகளுக்குப் போனது. நான் வெளியே குதித்து மேலே பார்த்தேன். அண்ணன் நல்ல கையால் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். வாய் திறந்திருந்தது. உதடு நடுங்கியது. ஏதோ ஒன்று வரப்போகிறது. 'ப' இல்லை, வேறு எழுத்து. நான் கைகூப்பாத குறையாக நின்றேன்.

வேன் முழுக்க உதறிக்கொண்டிருந்தது. அந்த உதறலில் தகடு விட்டது. கிரைண்டர், பேட்டரி, டிரம் எல்லாம் தரையைப் பிய்த்துக்கொண்டு கீழே இறங்கின. பின் அச்சு பிடிமானத்தோடு கழன்றது. வேன் குந்தி உட்கார, ஹெட்லைட் இரண்டும் ஆகாசத்தைப் பார்த்தன. ஆட்டிப் பார்க்க ஊறப்போட்டிருந்த உளுந்து தண்ணீரோடு என் காலடிக்கு வந்து சேர்ந்தது.

மேலே வந்துகொண்டிருந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது. பழையதுதான் வந்தது. இந்த முறை அண்ணன் அதைக் கத்தவில்லை, முணுமுணுத்தார். குழந்தைகள்கூடச் சேர்ந்து சொல்லவில்லை.

சர்தார்ஜி குனிந்து பார்த்துவிட்டு, "மர் கயி" என்றார். செத்துவிட்டதாம். பிறகு, யானை என்றுதானே சொன்னேன், கல்லை ஏற்றச் சொன்னேனா என்று என்னையே கேட்டார்.

மாயாபுரியிலிருந்து பழைய வண்டி உடைக்கிற கபாடிக்காரர் கிரேனோடு வந்தார். வந்தவுடன் பேட்டரியை எடுத்தார், டீசலை வடித்தார். பின் அச்சு இல்லாததால் பின்பக்கத்தைச் சங்கிலி போட்டுத் தூக்கி, முன்சக்கரத்தை உருட்டியபடி இழுத்துப் போவது என்று முடிவானது. அதாவது, வேன் பின்னோக்கிப் போகும்.

சங்கிலிச் சத்தம் கேட்டு அண்ணன் எழுந்துவிட்டார். பால்கனியிலிருந்து அவருக்கு வேனின் முகம் மட்டுமே தெரியும்; பின்னால் நிற்கும் கிரேன் தெரியாது. மறுபடி நிமிர்ந்து நேராகப் பார்க்கும் இரண்டு ஹெட்லைட்டைத்தான் அவர் பார்த்தார். தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். கேள்வி அது.

நான் சொன்னேன்: "ஆமாண்ணே. சரியாயிட்டு. இன்னைக்கு ஓடும்."

இதைவிடக் கேவலமான பொய்யை நான் ஆபீஸில்கூடச் சொன்னதில்லை. மதினி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். குனிந்து அவருக்குச் செருப்பை மாட்டிவிட்டாள்.

கீழே இறக்கி, கிரேன் கண்ணில் படாமல் பில்டிங்கின் பக்கத்துக் கதவு வழியாகக் கொண்டுபோய், டிரைவர் சீட்டில் உட்காரவைத்தோம். முதுகுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் தடுப்பு, பக்கத்தில் கண்ணாடிகள் இல்லை. பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே கிடையாது. கபாடிக்காரர், "பாபுஜி கோ கஹான் லே ஜா ரஹே ஹோ?" என்றார், பெரியவரை எங்கே கூட்டிப்போகிறாய் என்று. "கேட் வரைக்கும்" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கிரேனைக் கிளப்பினார். நான் அண்ணன் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

வேன் நகர்ந்தது. எங்கள் பில்டிங் மெல்ல எங்களை விட்டு விலகிப் போனது. இன்ஜின் சத்தம் இல்லாமல் வண்டி ஓடுமா? அண்ணன் என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் வாயால் ஆரம்பித்தேன். "டுர்ர்ர்ர்ர்..." நடுவில் ஹாரனும் அடித்தேன். எச்சில் தெறித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன். செக்ரட்டரி அங்கிள் வாய்பிளந்து ஒதுங்கி நின்றார். மூன்றாம் மாடிக் குழந்தைகள் கைதட்டின.

அண்ணன் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினார். முன்சக்கரம் உண்மையாகவே திரும்பியது. அவர் முகத்தில் பாதி மட்டும்தான் சிரிக்கும். அந்தப் பாதி முழுசாகச் சிரித்தது.

"சலோ" என்றார். போவோம் என்று.

நான் டுர்ரை நிறுத்திவிட்டேன். அவர் என் தொடையில் அடித்தார். "சலோ! சலோ!" மறுபடி ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தால் இந்தச் சத்தம் சரியாக வராது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

கேட் வந்தது. கிரேன் நின்றது. இறங்க வேண்டும் என்றதும் அண்ணன் ஸ்டியரிங்கை விடவில்லை. "சலோ" என்று ரோட்டைக் காட்டினார். கபாடிக்காரர் ஹாரன் அடித்தார், இது நிஜ ஹாரன். மதினி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பிரித்த விரல் திரும்பவும் போய் ஒட்டிக்கொண்டது. கடைசியில் நானும் வாட்ச்மேனும் அவரைத் தூக்கி இறக்கினோம். நாங்கள் மூன்று பேரும் கேட்டில் நிற்க, வேன் பின்னோக்கியே, எங்களைப் பார்த்தபடியே போனது.

பேச்சுப் பயிற்சிப் பெண் வந்து கேட்டுவிட்டு, நல்ல முன்னேற்றம் என்று சந்தோஷப்பட்டாள். ஒன்று மட்டும் அவள் எதிர்பார்க்காதது. புது வார்த்தை வந்ததும் பழையது போய்விட்டது. மருந்து கொடுத்தால் சலோ. இட்லி கொடுத்தால் சலோ. என்னைக் கண்டால் சலோ, சலோ. டீயில் உப்புப் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எதிரே நடந்தேன். ஒரு தடவை ஸ்பேனரை வேண்டுமென்றே தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். அதைப் பார்த்ததும் இன்னும் வேகமாகச் சலோ என்றார். என்னை உதவாக்கரை என்று சொல்ல டெல்லியில் ஆள் இல்லாமல் போய்விட்டது.

அண்ணன் இருந்தவரை இதுதான். காலையில் பால்கனிக்குப் போவேன். சுவர் ஓரத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும். அவர் நல்ல கையைக் காற்றில் வளைத்துப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் வாயால் தொடங்குவேன். அவருக்குக் கை வலிக்கும்வரை நிறுத்தக் கூடாது.

உள்ளேயிருந்து மதினி சத்தம் போடுவாள்: "கொழுந்தனாரே, வண்டிய ஆஃப் பண்ணிட்டுச் சாப்பிட வாரும். இட்லி ஆறுது."