கம்பளிக்குள் தெரிந்த பச்சை ஒளி

போன வருடம் ஐப்பசி மழையில், ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். ஒரு துளி இரத்தத்தில் டெங்கு வைரஸைக் கண்டுபிடிக்கும் புதிய முறை ஒன்றை ஆய்வாளர் ஒருவர் அங்கே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாளிலிருந்தே எனக்கு உடம்பு வலி. பஸ் அலுப்பு என்று நினைத்து, கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டிருந்தேன்.

மூன்று நாள் காய்ச்சலோடு, கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் வந்தார். அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் ஏற்கெனவே டெங்குவால் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். பயத்தில் விரலை நீட்டவே மறுத்தவர், குறிப்பேட்டோடு நின்ற என்னைக் கண்டதும் ஆய்வாளரிடம் திரும்பினார்.

"பேப்பர் சேர் மட்டும் சும்மா நின்னு எழுதுவாரா? அவருக்கும் குத்துங்க மிஸ், அப்பத்தான் நானும் கை நீட்டுவேன்."

சிரித்துக்கொண்டே விரலைக் கொடுத்தேன். பிறகு அவரும் நீட்ட, இருவரின் இரத்தமும் தனித்தனிக் குழாய்களில் போனது.

காத்திருந்த நேரத்தில் ஆய்வாளர் விளக்கினார். குழாயில் இருப்பவை மடங்கிய சிறு டிஎன்ஏ இழைகள். வைரஸின் ஆர்என்ஏ வந்து பொருந்தினால்தான் இழை நிமிரும், ஒளி வரும். குறிப்பெடுத்துக்கொண்டேன். நம்பிக்கை வரவில்லை.

அந்த மெல்லிய ஒளி பகலில் தெரியாதாம். மழைக்குப் போர்த்தியிருந்த கம்பளியை அந்தப் பெண் கழற்றிக் கொடுத்தார். மூவரும் அதற்குள் தலையை நுழைத்தோம். ஈர வாடை. ஆய்வாளர் நீல விளக்கைப் போட்டார். ஒரு குழாய் இருட்டாகவே இருந்தது. மற்றது இளங்கொழுந்தின் பச்சையில் ஒளிர்ந்தது. மூச்சுவிடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயோ, எனக்குத்தானா?" என்றார் அந்தப் பெண்.

ஆய்வாளர் குழாயில் ஒட்டியிருந்த சீட்டை இரண்டு முறை பார்த்தார். "இல்லக்கா. இது சேரோடது."

"அட, துணைக்குக் கை நீட்டுனவரு மாட்டிக்கிட்டாரே!"

என்ன மாத்திரை போட்டேன் என்று ஆய்வாளர் கேட்டார். அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"இனிமே இதைத் தொடாதீங்க சேர். டெங்குன்னா இந்த மாத்திரை ரத்தம் கசிய வச்சிரும். என்னோட சோதனை இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. ரெண்டு பேரும் இன்னைக்கே பதுளைக்குப் போய் உறுதி பண்ணிக்கங்க."

போனோம். அந்தப் பெண்ணுக்கு வேறு ஏதோ காய்ச்சல், நான்கு நாளில் மலைக்குக் கொழுந்து பறிக்கத் திரும்பிவிட்டார். எனக்கு டெங்குதான். ஐந்தாம் நாள் ஈறில் இரத்தம் கசிந்தது. மாத்திரையைத் தொடர்ந்திருந்தால் நிலைமை கைமீறியிருக்கும் என்றார் மருத்துவர்.

அடுத்தவர் துன்பத்தைத் தள்ளி நின்று எழுதியே பழகியவன் நான். கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை என் இரத்தத்தில் தன் இணையைக் கண்டு நிமிர்ந்த அந்தக் கணத்தை நினைத்தால், இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.